கன்னிக்கால் பூத்த மாசி

நோர்வேயில் மரங்கள் எல்லாம் கூட்டம் போட்டு முடிவெடுத்ததுபோல ஒன்றாக இலை கொட்டும். ஒரு கிழமை மஞ்சள், அடுத்த கிழமை மொட்டை. பிறகு ஆறு மாதம் எவரும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்து மரங்களுக்கு இந்த ஒற்றுமை கிடையாது. வேம்பு மாசியில் கொட்டும்போது பக்கத்துப் பூவரசு பச்சையாக நிற்கும். இலுப்பை தன்பாட்டில் பங்குனிக்குக் காத்திருக்கும். முள்முருக்கு எல்லாருக்கும் முந்தி மார்கழியிலேயே உடுப்பைக் கழற்றிவிடும். ஒன்பது வருடம் ஒற்றுமையான மரங்களோடு இருந்துவிட்டு, சண்டை நிறுத்தியிருந்த தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசியில் நான் ஊருக்குப் போனேன். போனது அக்காவின் மகள் வதனியின் கல்யாணத்துக்கு. போய் மாட்டிக்கொண்டது ஒரு மரத்திடம்.

நான் வேலை செய்த மீன் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் லீவுக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "பெப்ரவரியில் உங்கள் ஊரில் மரங்கள் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். சில மொட்டையாக, சில பச்சையாக, ஒன்றிரண்டு பூத்திருக்கும் என்றேன். "அதை யாரும் ஒழுங்குபடுத்துவதில்லையா?" என்றார். அந்த மனிதர் எப்போது பகிடி விடுகிறார், எப்போது உண்மையாகக் கேட்கிறார் என்பது ஒன்பது வருடத்திலும் எனக்குப் பிடிபடவில்லை.

கொழும்பிலிருந்து கோப்பாய்க்கு வந்த கதையைச் சொல்லத் தொடங்கினால் கல்யாணம் முடிந்துவிடும். பஸ், லொறி, உழவு இயந்திரம், வள்ளம் எல்லாம் கண்டு, கடைசி நான்கு மைல் முன்பின் தெரியாத ஒருவருடைய சைக்கிள் கரியரில், அவருடைய கோதுமைமா மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி வந்தேன். இறங்கியபோது மாவும் புழுதியுமாக நின்ற என்னை அக்காவின் ஆடு முதலில் கண்டு கத்தியது. பிறகுதான் அக்கா ஓடிவந்தாள்.

"என்னடா தம்பி, எலும்பும் தோலுமா வந்து நிக்கிறாய்."

"அக்கா, போகேக்கை இருந்ததிலும் பதினைஞ்சு கிலோ கூட."

"அது குளிருக்குப் போட்ட உடுப்பு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பிளேன் டீயும் கடித்துக் குடிக்க ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்தாள். சீனி கண்டு மாதக்கணக்கு என்றாள். கூடவே அவித்த பனங்கிழங்கு. நார் உரித்து, நடுத்தண்டை எறிந்து, முறித்து வாயில் போட்டபோது நான் அந்த மீன் தொழிற்சாலையையே மறந்துபோனேன்.

அத்தான் சாய்மனைக் கதிரையிலிருந்து இடது கையை ஆட்டினார். என் அக்காவின் கணவர், தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலை பார்த்து ஒரு முத்திரையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். ஐப்பசி மழையில் சைக்கிளோடு வெள்ளவாய்க்காலுக்குள் விழுந்து வலது கையை முறித்திருந்தார். முறிவு வைத்தியர் கட்டிய மட்டையைக் கழற்றியாயிற்று. ஆனால் கத்தி, மண்வெட்டி எதையும் பிடிக்க வராது.

நான் கொண்டுபோன படங்களை அன்று பின்னேரமே பார்த்தார்கள். இலையுதிர் காலத்தில் மலை முழுக்க மஞ்சளாக நிற்கும் படம் ஒன்று. வதனி "எவ்வளவு வடிவு மாமா" என்றாள். அக்கா படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, "பாவம், அந்த ஆக்கள் உரம் போடுறேல்லையோ?" என்று கேட்டாள்.

பிறகு அக்கா, "வா, ஒண்டு காட்டிறன்," என்று கையைப் பிடித்து வளவின் வடகிழக்கு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அவளுடைய கன்னிக்கால் மரம் நின்றது. இலை ஒன்றுகூட இல்லை. கொப்பு நுனிகளில் எல்லாம் கறுத்த மொட்டுக் கொத்துகள், மடித்த விரல்கள் மாதிரி.

"இருபத்திநாலு வருசத்திலை முதல் தரம் பூக்கப்போகுது. அதுவும் என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கு. இதிலை இருந்துதான் அவளுக்கும் கன்னிக்கால் வெட்டப்போறம். நீதான் வெட்டவேணும், தாய்மாமன்." அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது. காரணம் வேறு.

தெரியாதவர்களுக்கு: எங்கள் ஊரில் கல்யாணத்துக்குச் சில நாள் முந்தி, பெண் வீட்டின் ஈசான மூலையில் ஒரு முள்முருக்கந்தடியை மஞ்சள் பூசி, பால் ஊற்றி நடுவார்கள். அதுதான் கன்னிக்கால். அது தளிர்த்து மரமானால் குடும்பம் தழைக்கும். வாடினால் ஊர் வாய் திறக்கும். கன்னிக்கால் வாடிய பெண் கறிக்கு உப்புக் கூடப் போட்டாலும் "அண்டைக்கே தெரியும்" என்பார்கள்.

அக்காவின் கல்யாணம் நடந்தது ஆனி மாதம். வெயிலென்றால் அப்படி ஒரு வெயில். எனக்குப் பதினாறு வயது. எங்கள் வேலியிலே நின்ற சிவப்புப் பூ முருக்கில் தடி வெட்டி அம்மா நட்டாள். தினமும் காலையில் சாமி கும்பிட முந்தி அந்தத் தடியைத்தான் போய்ப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். முழங்கால் உயரத்தில் இரண்டு தளிர் வந்தது. பத்தாம் நாள் அந்தத் தளிர் கருகிப்போயிற்று. தோலை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை. அடுத்த நாள் அக்காவின் மாமியார் வர இருந்தார். அக்கா புதுச்சீலையோடு வீட்டுக்குள் சிரித்துக்கொண்டு திரிந்தாள். எனக்கு அக்கா என்றால் உயிர். அந்தச் சிரிப்பை ஒரு காய்ந்த தடி கெடுக்க விடக்கூடாது என்று தீர்மானித்தேன்.

நட்டநடு மத்தியானம், ஊர் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், பக்கத்து வளவுக் கணக்கு வாத்தியாரின் வேலிக்குப் போனேன். முந்திய மாரியில்தான் அவர் எங்கிருந்தோ வேலிக்கு நடும் முருக்கங்கதியால் தடிகள் கொண்டுவந்து புதுவேலி போட்டிருந்தார். எல்லாம் நன்றாக வேர்விட்டுத் தளிர்த்திருந்தன. ஒன்றைப் பிடுங்கி, அம்மா நட்ட தடியை எடுத்துவிட்டு அதே குழியில் நட்டேன். மஞ்சள்கூடப் பூசினேன். அடுத்த நாள் மாமியார் பார்த்துவிட்டு, "நல்லாத் தளிர்த்திருக்கு," என்றார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பெரிய வீரன் என்ற நினைப்பு.

கணக்கு வாத்தியார் ஞாயிறு தவறாமல் தன் வேலிக் கதியால்களை எண்ணுகிறவர். ஆவணியில் ஒரு நாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "ரெண்டு கதியால் குறையுது," என்று அறிவித்தார். நான் எடுத்தது ஒன்றுதான். வாத்தியாருக்கே கணக்குப் பிழைக்கிறது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் அடுத்த மாசிவரைதான் இருந்தது. அவருடைய வேலி பூத்தது. முழுக்க வெள்ளை. முருக்கில் வெள்ளைப் பூ அபூர்வம். அந்த மனிதர் அபூர்வமானதாகப் பார்த்துத் தேடி நட்டிருக்கிறார்.

அக்காவின் கன்னிக்கால் சிவப்பு முருக்கில் வெட்டியது என்பது ஊருக்கே தெரியும். அது ஒருநாள் வெள்ளையாகப் பூத்தால் என்ன ஆகும் என்ற பயத்தோடு நான் ஊரில் இருந்த காலமெல்லாம் இருந்தேன். நல்லகாலம், அத்தானுக்கு ஆடு வளர்ப்பில் பிரியம். முருக்கங்குழை என்றால் எங்கள் வீட்டு ஆடுகள் உயிரை விடும். ஒவ்வொரு கார்த்திகையும் அத்தான் அந்த மரத்தை ஒரு கொப்பு விடாமல் வெட்டி ஆட்டுக்குப் போடுவார். வெட்டின மரம் பூக்காது. இந்த வருடம் கை முறிந்ததால் வெட்டவில்லை. மரம் தன் இஷ்டத்துக்கு வளர்ந்து, இலை கொட்டி, மொட்டும் வைத்துவிட்டது.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்கு மரியாதைக்குப் போய்வரச் சொன்னார்கள். உடுப்பிட்டிக்கு அத்தானின் சைக்கிளில் புறப்பட்டேன். நீர்வேலி தாண்டும்வரை நன்றாக இருந்தது. தோட்டங்களில் வெங்காயம், வாழை, நடுவில் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடும் தண்ணீர் இயந்திரங்கள். வழியெல்லாம் வேம்பு கொட்டிய சருகு, சில்லுக்குக் கீழே நொறுங்கியது. வல்லைவெளியில் காற்றுப் பிடித்தது. அந்த வெளியில் போகும்போதும் எதிர்க்காற்றுத்தான், வரும்போதும் எதிர்க்காற்றுத்தான். பாதி வழியில் செயின் கழன்றது. நான் கைக்குட்டையோடு குந்தியிருந்து அதோடு மல்லுக்கட்டியபோது இரண்டு பேர் ஒரே சைக்கிளில், விறகுக் கட்டும் சுமந்து, என்னைக் கடந்து போனார்கள்.

"உவர் வெளிநாட்டாலை வந்தவர் போலை."

"எப்பிடித் தெரியும்?"

"செயினைக் கைலேஞ்சியாலை பிடிக்கிறார்."

உடுப்பிட்டியில் சம்பந்தியம்மா என்னைக் கூடத்தில் இருத்தி, ஒடியல் பிட்டும் மீன்குழம்பும் வைத்தார். மெல்லிய மனுஷி, பெரிய குங்குமப்பொட்டு. நான் இரண்டாம் பிடி வாயில் வைக்கவும், "உங்கடை அக்காவின்ரை கன்னிக்கால் மரம் பூக்கப்போகுதாமே," என்றார்.

நான் பிட்டை மெல்லாமல் விழுங்கினேன். "ஆர் சொன்னது?"

"ஊரே கதைக்குது. கன்னிக்கால் நடுற அண்டைக்கு நானும் பாக்க வாறன். எனக்கு உதுகளிலை நல்ல நம்பிக்கை. எங்கடை மூத்தவளின்ரை கன்னிக்கால் எட்டாம் நாள் வாடினது. அண்டைக்கே சொன்னன், ஆர் கேட்டது?"

"பிறகு என்ன நடந்தது அம்மா?"

"என்ன நடக்கிறது. ஆறே மாதத்திலை மருமகனை மட்டக்களப்புக்கு மாத்திப்போட்டாங்கள்."

திரும்பி வரும்போது வல்லைவெளியில் எதிர்க்காற்று இருந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. மனமெல்லாம் கோப்பாயில், அந்தக் கறுத்த மொட்டுகளில் நின்றது. கன்னிக்காலுக்கு இன்னும் மூன்று நாள்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக எழும்பி, கொக்கத்தடி ஒன்றை எடுத்துக்கொண்டு வடகிழக்கு மூலைக்குப் போனேன். நீண்ட தடியின் நுனியில் கத்தி கட்டிய சாமான் அது. மொட்டுக் கொப்புகளை மட்டும் விழுத்திவிட்டு, குரங்கு முறித்தது என்று சொல்லலாம் என்பது திட்டம். கோப்பாயில் குரங்கு இல்லை என்பது எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. மரத்தடியில் அத்தான் நின்றார். இடது கையில் இன்னொரு கொக்கத்தடி.

"என்ன அத்தான், விடியக்காலமை?"

"ஆட்டுக்குக் குழை."

"மரத்திலை ஒரு இலைகூட இல்லையே."

அவர் அண்ணாந்து பார்த்தார். "ஓம், இல்லைத்தான். நீ என்னத்துக்கு வந்தனீ?"

"நானும் ஆட்டுக்குத்தான்."

பட்டியில் நின்ற ஆடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அத்தான் கொக்கத்தடியை மரத்தில் சாத்திவிட்டு மெல்லச் சொன்னார். "மச்சான், ஒண்டு சொல்லுறன், கோவிக்கப்படாது. உது மாமி நட்ட கன்னிக்கால் இல்லை."

"எனக்குத் தெரியும் அத்தான்."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"நான்தானே மாத்தினனான்."

"நீயோ? நானெல்லோ மாத்தினனான்."

நானும் கொக்கத்தடியை மரத்தில் சாத்தினேன். பிறகு இரண்டு பேரும் நாள்களை ஒப்பிட்டோம். நான் மாற்றியது ஆனிக் கடைசி. அவர் மாற்றியது ஆடியமாவாசைக்கு முதல் நாள். அப்படியென்றால் நான் நட்ட வீரத் தடி ஒரு மாதத்துக்குள் செத்துப்போயிருக்கிறது. அதையே அம்மாவின் தடி என்று நினைத்து அத்தான் மாற்றியிருக்கிறார். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். முத்திரை எடுக்காத அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாத்தியாரின்ரை வேலியிலை."

வாத்தியாரின் கணக்கு இருபத்துநான்கு வருடத்துக்குப் பிறகு சரிவந்தது. ஆடு வளர்ப்புப் பிரியமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு கார்த்திகையும் அவர் வெட்டியது ஆட்டுக்காக இல்லை. ஆட்டை வளர்த்ததே வெட்டுவதற்குக் காரணம் வேண்டும் என்றுதான். தனக்கு ஆட்டின் மணமே பிடிக்காது என்றார்.

"அக்காவிடம் சொல்லிவிடுவமோ?" என்று கேட்டேன்.

"விசரே உனக்கு? மூத்தவன் போன பிறகு ஒரு மாதம் அவ சாப்பிடேல்லை. காலமையிலை எழும்பி உந்த மரத்தைத்தான் பாத்துக்கொண்டு நிப்பா. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் திரும்ப எழும்பினவ எண்டு நான் நினைச்சிருக்கிறன். இப்ப போய் அது வாத்தியாரின்ரை வேலிக்கதியால் எண்டு சொல்லச் சொல்லுறியோ?" அவர்களுடைய முதல் பிள்ளை இரண்டு வயதில் காய்ச்சலில் போனவன். அவனைப் பற்றி அந்த வீட்டில் எவரும் கதைப்பதில்லை. வெள்ளைப் பூவை ஊர் பார்த்தால் என்ன கதைக்கும் என்பது ஒரு பக்கம். அக்கா பார்த்தால் அவளுக்கு என்ன ஆகும் என்பதுதான் எங்கள் பயம்.

நாங்கள் கொக்கத்தடியைத் தூக்கவும் வாளியோடு அக்கா வரவும் சரியாக இருந்தது. "ரெண்டு பேரும் என்ன செய்யிறியள்?"

"மரத்திலை பூச்சி இருக்கோ எண்டு பாக்கிறம்," என்றார் அத்தான்.

"பூச்சி பாக்க ரெண்டு கொக்கத்தடியோ? இஞ்சாருங்கோ, உந்த மரத்திலை ஒரு மொட்டு விழுந்தால் இண்டைக்கு உங்களுக்குச் சோறில்லை." இரண்டு தடியையும் பறித்துக்கொண்டுபோய் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அன்றும் மறுநாளும் நாங்கள் இருவரும் சதிகாரர்களாகத் திரிந்தோம். குங்குமத்தைக் கரைத்து வேருக்கு ஊற்றினால் பூ சிவக்குமா என்று அத்தான் கேட்டார். சிவப்புச் சீலையை மரம் முழுக்கச் சுற்றிச் சோடிக்கலாம் என்றேன் நான். அவ்வளவு சிவப்புச் சீலைக்கு எங்கே போவது என்றார். இடையிடையே எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் மரத்தைப் பார்த்து, "நாளைக்கு விரியும்," "இல்லை, நாளையிண்டைக்கு," என்று பந்தயம் கட்டினார்கள். அவர்களுக்கெல்லாம் அக்கா தேத்தண்ணி கொடுத்தாள். அந்த இரண்டு நாளும் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

கன்னிக்கால் நாள் காலையில் என்னை எழுப்பியது காகங்களும் மைனாக்களும். அப்படி ஒரு கும்மாளம். முருக்குப் பூவில் தேன் குடிக்க வந்திருந்தன. வாசலில் அந்த நேரம் பார்த்து பெற்றோல் தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒரு பழைய கார், புகையால் தெருவையே மறைத்துக்கொண்டு வந்து நின்றது. புகைக்குள் இருந்து சம்பந்தியம்மா இறங்கினார். முகத்தில் கரி, பொட்டு மட்டும் கலையவில்லை. "பூத்திட்டுதோ?" என்பதுதான் முதல் கேள்வி. அவரும் அக்காவும் முன்னால் நடக்க, அத்தானும் நானும் தூக்குமேடைக்குப் போகிறவர்களாகப் பின்னால் போனோம்.

மரம் செக்கச்செவேல் என்று பூத்திருந்தது. ஒரு வெள்ளை இதழ் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வாத்தியாரின் முருக்குகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. இந்தப் பக்கம் இது சிவப்பு. அத்தான் முறிந்த கையாலேயே என் தோளை இறுக்கிப் பிடித்தார். நான் ஆ என்று வாயைத் திறந்தபடி நின்றேன். "இப்பிடி ஒரு நிறம் நான் கண்டதில்லை," என்று சம்பந்தியம்மா மரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். வாத்தியார் வேலிக்கு மேலால், நரைத்த தலையோடு, "என்ரையும் பூத்திட்டுது, ரெண்டு கதியால் குறைவாய்," என்றார். அவர் எதையும் மறக்கிறவர் இல்லை.

தாய்மாமன் என்ற முறையில் நான் ஒரு கொப்பை வெட்டினேன். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, சுமங்கலிகள் பால் ஊற்ற, பழைய மரத்துக்குப் பக்கத்திலேயே வதனியின் கன்னிக்கால் நின்றது. எல்லாரும் பலகாரம் சாப்பிட்டார்கள். சம்பந்தியம்மாவின் காரை நான்கு பேர் தள்ளி, ஒருவர் சின்னப் போத்தலால் பெற்றோல் துளி விட்டு, ஒருவழியாக உயிர்ப்பித்து அனுப்பினோம்.

பின்னேரம் வீடு அடங்கிய பிறகு அக்கா எங்கள் இருவரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். "காலமை பேயறைஞ்ச மாதிரி நிண்டியள். என்ன சங்கதி?"

"ஒண்டுமில்லை. சிவப்பாப் பூத்திட்டுது," என்றேன்.

"முருக்கு வேறை என்ன நிறத்திலை பூக்கும்?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். வயதில் குறைந்தவன் நான் என்பதால் நான் தொடங்கினேன். ஆனிக் கடைசி, மத்தியானம், வாத்தியாரின் வேலி. பிறகு அத்தான் தன் ஆடியமாவாசையைச் சொன்னார். கார்த்திகைகளையும் ஆட்டையும் சொன்னார். அக்கா துலாக்காலைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்தாள். செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"நான் ஐப்பசியிலை," என்றாள் கடைசியில்.

"என்னது?"

"ஐப்பசியிலை ஒருநாள் தொட்டுப் பாத்தன். தடி கையோடை வந்திட்டுது. அம்மா நட்டது செத்துப்போச்செண்டு நினைச்சன். நல்ல மழை. நீங்கள் கந்தோருக்குப் போட்டியள், அம்மா சந்தைக்குப் போட்டா. ஓடிப்போய் அம்மன் கோயில் வேலியிலை ஒரு தடி முறிச்சு நட்டன். சாமியின்ரை வேலியிலை களவெடுத்தனான்."

"அதுக்கோ வெள்ளிக்கிழமை விளக்கு?" என்றார் அத்தான். இருபத்துநான்கு வருடம் வெள்ளி தவறாமல் அக்கா அந்தக் கோயிலில் நெய்விளக்கு ஏற்றுகிறாள். பக்தி என்று ஊர் நினைத்திருந்தது.

"ஓம். மூத்தவன் போனண்டைக்கு எல்லாரும் விதி எண்டு அழுதவை. நான் மட்டும் தடி எண்டு அழுதன். நான் மாத்தி நட்டதாலைதான் என்ரை பிள்ளை போனவன் எண்டு. ஆருக்குச் சொல்லுறது? காலமையிலை அந்த மரத்தடியிலை நிண்டு மன்னிப்புத்தான் கேட்டனான்."

அத்தான் அவளுக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே இருந்துவிட்டார். "நானும் அதைத்தான் நினைச்சனான். என்ரை தடியாலை எண்டு," என்றார். அவர் குரல் உடைந்ததை அன்றுதான் முதல்முறை கேட்டேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பத்தொன்பது வயதில், பிள்ளையைக் கொண்டுபோன பாதையில் நின்றபடி. சொல்லவில்லை. மூன்று பேரும் அழுதோம். ஒரே வீட்டில் ஒரே பயத்தை மூன்று பேரும் தனித்தனியாக ஒளித்து வைத்திருந்திருக்கிறோம் என்று நினைக்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

முதலில் மூக்கைச் சீறியது அக்காதான். "பொறு. நீ அந்தத் தடிக்குத் தண்ணி ஊத்தினனீயோ?"

"மத்தியானத்திலை. ஒருதருக்கும் தெரியாமல், ஒரு வாளி."

"நீங்கள்?"

"கந்தோராலை வந்து, பின்னேரம். ரெண்டு வாளி," என்றார் அத்தான்.

"அம்மா காலமையிலை. நான் குளிச்சிட்டு வரேக்கை." அக்கா விரலை மடித்தாள். "அடக் கடவுளே, வெயில் எங்கை கொன்றது? நாங்களெல்லோ தண்ணி ஊத்தி அழுக வைச்சுக் கொன்றிருக்கிறம்." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சீலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அத்தானுக்கும் தொற்றிவிட்டது. பட்டியில் ஆடும் சேர்ந்து கத்தியது. எங்கள் வேலி முழுக்க முருக்கு நட்டு வளர்த்த குடும்பம், ஒரு தடிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் மூன்று தடியைத் தின்றிருக்கிறது.

சிரித்து முடிய அக்கா எழும்பிச் சீலையை உதறினாள். "தம்பி, இன்னும் ரெண்டு தடி வெட்டு."

"என்னத்துக்கு?"

"ஈரச்சாக்கிலை சுத்திக் கிணத்தடிக்குப் பின்னாலை வை. வதனிக்குத் தெரியப்படாது."

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒருமுறை கண்ணை மறைத்தது தவிர ஒரு குறையும் இல்லை. நான் புறப்பட்ட காலை வதனியின் கன்னிக்காலைப் போய்ப் பார்த்தேன். வடிவாகத் தளிர்விட்டிருந்தது. கிணற்றடிக்குப் பின்னால் சாக்கையும் விரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு தடிதான் இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன், அத்தானின் முகத்தைப் பார்த்தேன், புது மாப்பிள்ளையின் முகத்தையும் பார்த்தேன். எல்லாரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். நான் சாக்கை மறுபடி சுற்றி வைத்தேன்.

நோர்வேயில் பேர்ச் மரங்கள் அந்த வருடமும் ஒற்றுமையாக மஞ்சளாகி, ஒற்றுமையாகக் கொட்டின. அப்போதுதான் ஊரில் சண்டை மறுபடி பெருத்து, கோப்பாய் உட்பட வலிகாமம் முழுக்க ஒரே இரவில் ஊரைவிட்டு வெளிக்கிட்டது என்று வானொலியில் கேட்டேன். இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. மேற்பார்வையாளர் என்னை மீன் வெட்டும் இடத்திலிருந்து பெட்டி அடுக்கும் இடத்துக்கு மாற்றினார். "கத்தியோடு நீ எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறாய்," என்றார். அது பகிடி இல்லை என்பது எனக்கு உடனே விளங்கியது.

மார்கழிக் கடைசியில் அக்காவின் கடிதம் வந்தது. கொப்பித்தாளில், பென்சிலால், இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள்.

"தம்பி, நாங்கள் எல்லாரும் சுகம். தென்மராட்சியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை இருக்கிறம். பிள்ளையும் மருமகனும் எங்களோடைதான். மழை, சனம், இருக்க இடமில்லை. ஒரு சாமானும் எடுக்கேல்லை. அத்தான் மட்டும் வெளிக்கிடேக்கை ஓடிப்போய்ப் பிள்ளையின்ரை கன்னிக்காலிலை ஒரு கொப்பை முறிச்சுச் சைக்கிள் பாரிலை கட்டிக்கொண்டு வந்தவர். வழியிலை ஆக்கள் விசரன் எண்டு பாத்தவை. வந்து பள்ளிக்கூட வேலியோரம் நட்டவர். நல்லாத்தான் தளிர்த்தது. நேற்று ஆரோ ஒராளின்ரை ஆடு திண்டிட்டுது. அவர் தண்ணி அள்ளப் போயிருந்த நேரம் நான் வேறை ஒண்டு முறிச்சு அதே குழியிலை நட்டிட்டன். கடிதம் எழுதேக்கை மறந்தும் அவருக்குச் சொல்லிப்போடாதை."